தரை தொடாத நான்காம் சக்கரம்

ஆணி என்றுதான் சொல்ல வேண்டும். அச்சு என்று சொன்னால் அதற்கு ஒரு பெருமை வந்துவிடுகிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத நான்கு ஆணிகள், நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மரக்கட்டை. அட்டைப் பெட்டிக்குள் இவ்வளவுதான் இருந்தன. இதை வைத்து ஒரு பந்தயக் கார் செய்ய வேண்டும். மோட்டார் கிடையாது, சாவி கிடையாது. சரிவான பலகையின் உச்சியில் வைத்துவிட்டால் தன் கனத்தால் தானே இறங்கி ஓட வேண்டும். முதலில் கீழே வருவது ஜெயித்தது.

செம்பூரில் எங்கள் காலனிக்கு, வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு ஒரு குஜராத்திக்காரர் குடும்பத்தோடு திரும்பி வந்திருந்தார். அங்கே அவர் தன் பிள்ளைகளோடு விளையாடிய விளையாட்டாம். தசரா விடுமுறையில் காலனிப் பிள்ளைகளுக்காக நடத்தப் போவதாகச் சொல்லி, பேர் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார். என் மகளும் பேர் கொடுத்திருந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது.

பெட்டியை அவள்தான் திறந்தாள். கட்டையை முகர்ந்து பார்த்தாள். சக்கரங்களைக் காதில் தோடுபோல வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். நான் ஆணிகளை எடுத்தேன். அந்த நிமிஷத்தை இப்போது திரும்பப் பார்க்கும்போது, அவள் கையிலிருந்து எது என் கைக்கு வந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. அன்று அது தெரியவில்லை. எடுத்தேன், அவ்வளவுதான்.

எனக்குக் கைவேலை ஒன்றும் வராது. இது வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஃபோர்ட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவன். வீட்டில் பல்பு மாற்றுவது என் மனைவி, குழாய் வாஷர் மாற்றுவது என் மனைவி, குக்கர் கைப்பிடி ஆடினால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதும் அவள்தான். நாற்பத்து மூன்று வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபோனில் வீடியோக்கள் பார்த்தபோது, இந்தச் சின்னக் காரின் வேகம் முழுக்க அந்த நான்கு ஆணிகளில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மரத்தை எப்படிச் செதுக்கினாலும் சரி, என்ன வர்ணம் அடித்தாலும் சரி, சக்கரம் ஆணியைச் சுற்றும் இடத்தில் உராய்வு இருந்தால் கார் தோற்றது. அந்த உராய்வைக் கொல்ல வேண்டும். அதற்கு ஆணியைத் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை மட்டும் போதும், திறமை வேண்டாம். இது எனக்காகவே யாரோ கண்டுபிடித்து வைத்த வேலை என்று தோன்றியது.

தாராவிக்குப் போனேன். நான் பிறந்து வளர்ந்த இடம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த சேக்காளி ஒருவன் அங்கே பெல்ட் பக்கிள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். கழிமுகக் கிரீக்கின் வாடையும் தோலின் வாடையும் கலந்து வரும் சந்தில், ஏணி ஏறிப் போகும் மாடி. பக்கிள்களைப் பளபளப்பாக்கும் சக்கரம், டிரில், அரம், உப்புத்தாள் எல்லாம் அவனிடம் உண்டு. காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஆணிகளை அவன் மேஜையில் கொட்டினேன்.

"என்னல இது, ஆணியா?"

"அச்சு."

"அச்சாம்ல. என்ன செய்யணும் இத?"

"பாலிஷ் போடணும். சும்மா இல்ல, கண்ணாடி மாதிரி வரணும்."

அவன் ஓர் ஆணியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "ஆணிக்கு ஃபேசியல் பண்ண செம்பூர்லேர்ந்து வந்திருக்காரு தொரை. ஒன் கல்யாணத்தன்னைக்கு நீ மூஞ்சி கழுவினியால?"

சொன்னானே தவிர, டிரிலை எடுத்து மேஜையில் இறுக்கிக் கொடுத்தான். ஆணியின் கூர்முனையை அதன் வாயில் கவ்வ வைத்து ஓட்டினால் ஆணி தன்னைத்தானே சுற்றும். நாம் கையை மட்டும் ஆடாமல் வைத்திருந்தால் போதும். அந்த ஆணிகளின் தலைக்குக் கீழே, தொழிற்சாலையில் அடித்தபோது பிதுங்கிய இரண்டு மெல்லிய வரம்புகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் தட்டும். முதலில் அரத்தால் அவற்றை எடுக்க வேண்டும். பிறகு தண்ணீரில் நனைத்த உப்புத்தாள். முதலில் நானூறு, அப்புறம் அறுநூறு, ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம். நம்பர் ஏற ஏறத் தாள் மென்மையாகிறது. கடைசித் தாள் கன்னத்தில் தேய்த்தால்கூட வலிக்காது. பிறகு பித்தளைக்குப் போடும் பாலிஷைப் பஞ்சில் தொட்டு ஒரு பிடி. முதல் ஆணி முடிந்தபோது அதில் ஜன்னல் தெரிந்தது.

சேக்காளி டிரிலை நிறுத்திவிட்டுக் கேட்டான். "பிள்ளைய எங்க?"

"டியூஷன்ல இருக்கா."

"டியூஷனா. அப்ப இந்தக் காரு யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

"ம்" என்றான். அடுத்த ஆணியை மாட்டினான்.

அந்த 'ம்' எத்தனை சின்ன ஓசை. ஏணியில் இறங்கும்போதே அதை மறந்துவிட்டேன்.

மூன்று ஆணிகளைத்தான் அன்று கொண்டுபோயிருந்தேன். நான்காவது மகளிடம் இருந்தது. பெட்டி வந்த மறுநாளே அவள் கையை நீட்டினாள். "ஏக் தோ மேகோ தோ." ஒன்றாவது எனக்குக் கொடு. தமிழில் கேட்டால் நான் யோசிப்பேன், ஹிந்தியில் கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன் என்பது அவள் கண்டுபிடித்து வைத்திருந்த சூட்சுமம். கொடுத்தேன். பட்டறையிலிருந்து வந்ததும் ஆயிரம் நம்பர் தாளில் ஒரு துண்டையும் கிழித்துக் கொடுத்தேன். கிழிசலைக் கொடுத்தேன் என்பது இப்போது உறைக்கிறது.

அவள் அந்த ஆணியோடு ஐந்து சாயங்காலங்கள் இருந்தாள். கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து, தோழிகளோடு பேசிக்கொண்டே, தாளை மடித்து அதற்குள் ஆணியை வைத்து மேலும் கீழும் இழுத்தாள். அதுதான் தவறு. ஆணியைச் சுற்றித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் நீளவாக்கில் கீறல் விழும், சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு கீறலும் பிடிக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை சொன்னேன். "இப்படிப் பண்ணாதட்டி, சுத்தித் தேய்க்கணும்." அவள், "ஹாங் ஹாங்" என்றாள், சரி சரி என்று. மறுபடி நீளவாக்கில் இழுத்தாள். மறுதடவை நான் சொல்லவில்லை.

நவராத்திரிக்காக என் மனைவி வெள்ளி விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் வெள்ளியை விபூதியால்தான் துலக்குவது. பழைய பனியன் துணியில் விபூதியைத் தொட்டுத் தேய்த்தால், கறுத்துப்போன விளக்கு சிரிக்க ஆரம்பிக்கும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு சிட்டிகை விபூதியையும் ஒரு துணுக்குத் துணியையும் எடுத்துப் போனாள். அரைமணி கழித்து வந்தாள். மூக்கில் விபூதி, பாவாடையில் விபூதி, உள்ளங்கையில் ஆணி.

"அப்பா, தேக்கோ."

பார்த்தேன். மினுங்கியது. "நல்லா இருக்குட்டி" என்றேன். அவள் ஓடிப்போனதும், பாலிசிகளின் பொடி எழுத்தைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து ஜன்னலோரம் போனேன். கீறல்கள் இருந்தன. நீளவாக்கில், மழைக்கோடுபோல, மெல்லிசாக. என் மூன்று ஆணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவற்றில் ஒரு கோடு இல்லை.

இந்த இடத்தில் என் கையைப் பிடித்து யாராவது நிறுத்தியிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லாமல் இல்லை. என் மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள். "ஆபீஸ்ல ஒரு ஃபைலையாவது இப்படி லென்ஸ் வச்சுப் பாத்திருந்தா எப்பவோ மேனேஜர் ஆயிருக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஆபீசுக்குப் போகும் ஹார்பர் லோக்கல் ரயிலிலும் சட்டைப் பையில் ஓர் ஆணி இருக்கும். வடாலாவைத் தாண்டும்போது கூட்டத்தில் ஒரு கை மேலே கைப்பிடியில், ஒரு கை பைக்குள். கட்டைவிரல் அந்த வழவழப்பை வருடிக்கொண்டே வரும். எதிரில் நிற்பவனுக்கு நான் ஏதோ ஜெபிப்பதுபோல இருந்திருக்கும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு பொருள் இப்படி வழவழப்பாக இருந்ததில்லை. அவ்வப்போது எழுதிப் பார்க்கும் வாக்கியங்கள் எல்லாம் எங்காவது தட்டும். இது எங்கும் தட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் சங்கடம்.

வீடியோக்களில் இன்னொரு உபாயமும் சொல்லியிருந்தார்கள். நான்கு சக்கரமும் தரையில் பட வேண்டும் என்பதில்லை. முன்சக்கரங்களில் ஒன்றைத் துளி உயர்த்திவிட்டால், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்குத் தூக்கிவிட்டால், கார் மூன்று சக்கரத்தில் ஓடும். நான்கு இடத்தில் இருக்கும் உராய்வு மூன்று இடமாகக் குறையும். விதிகளில் இதற்குத் தடையில்லை. நின்று பார்ப்பவர்களுக்கு நான்கும் சுற்றுவதாகத்தான் தோன்றும். சேக்காளியிடம் போய் முன்பக்கம் வலது துளையை மட்டும் ஒரு மயிரிழை மேலே போட்டு வாங்கி வந்தேன்.

எந்த ஆணியை அந்தத் துளையில் போடுவது? நான் யோசிக்கவே இல்லை. மோசமான ஆணி எதுவோ அது வேலை செய்யாத இடத்துக்குப் போகட்டும். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மாட்டும்போது அவள் பக்கத்தில் இருந்தாள். காருக்கு மஞ்சள் வர்ணம் அடித்து, பின்னால் ஒரு கறுப்புப் பூனையை வரைந்திருந்தாள். பூனைக்கு மீசை மட்டும் மூன்று நாள் வரைந்தாள். நான் ஒவ்வொரு ஆணியாக, வழுக்கலுக்காகப் பென்சில் கரித்தூளைத் தொட்டுத் தொட்டு, சக்கரத்தில் கோத்துத் துளையில் அழுத்தினேன்.

"மேராவாலா கோன்சா?" என்றாள். என்னுடையது எது?

"இது" என்று முன்பக்கம் வலது சக்கரத்தைக் காட்டினேன்.

அவள் குனிந்து அந்தச் சக்கரத்தை ஒரு விரலால் தட்டிவிட்டாள். சுற்றியது. ரொம்ப நேரம் சுற்றியது. நான் பொய் சொல்லவில்லை. அவள் ஆணி அதில்தான் இருந்தது. இத்தனை வருஷமாக நானே எனக்கு இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட இது எனக்கு உதவவில்லை.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ஸ்கூட்டர், தையல் மெஷின், மிக்சி, மகளின் புத்தகங்கள், என் பேனா, லேப்டாப்பின் மூடி. சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். மகள் கிண்ணத்தோடு வந்து, "காருக்கு?" என்றாள். அவள் அம்மா, "வைக்காமயா? அதுதான் இப்ப இந்த வீட்டுக்கே சாமி" என்றாள்.

மகள் சக்கரத்தின் நடுவில் பொட்டு வைக்கப்போனாள். ஸ்கூட்டருக்கு அப்படித்தானே வைப்போம், நட்டநடுவில். எனக்குப் பதறியது. நடுவில்தான் ஆணித் தலை. சந்தனம் காய்ந்து தூளாகி உள்ளே போய்விட்டால் மூன்று வாரத் தேய்ப்பும் போச்சு.

"நடுவுல வேண்டாம்ட்டி. ஓரமா வை. விளிம்புல."

"அங்கயா? நல்லா இருக்காதே."

"ஓரமாத்தான் வைக்கணும்."

வைத்தாள். ஒவ்வொரு சக்கரத்திலும், நடுவை விட்டுத் தள்ளி, விளிம்புக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் பொட்டு.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனி ஹாலில் பந்தயம். பதினான்கு கார்கள். தச்சன் செய்துகொடுத்த நீளமான சரிவுப் பலகை, அதில் மூன்று தடங்கள், கடைசியில் ஒரு பழைய மெத்தை. பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், பெரியவர்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில். எங்கள் கார் முதல் சுற்றிலும் ஜெயித்தது, இரண்டாம் சுற்றிலும் ஜெயித்தது. சும்மா ஜெயிக்கவில்லை; மற்ற கார்கள் பலகையின் நடுவில் வந்துகொண்டிருக்கும்போது இது மெத்தையில் மூக்கைப் புதைத்துக்கொண்டிருந்தது. மகள் எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஃபைனலுக்கு முன்னால் சமோசாவுக்கு விட்டார்கள். பிள்ளைகள் சலித்துப்போகாமல் இருக்க, நடத்துகிறவர் ஒரு வேலை செய்தார். தடத்தின் முடிவில் பக்கவாட்டில் தன் ஃபோனை நிறுத்தி வைத்து ஒவ்வொரு ஓட்டத்தையும் எடுத்திருந்தார். அதை ஹாலின் டிவியில் மெதுவாக ஓட்டிக் காட்டினார். கார்கள் தண்ணீருக்குள் வருவதுபோல நீந்தி வந்தன. பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் கத்தினார்கள். மஞ்சள் கார் வந்தது. வலது பக்கமாகத் தெரிந்தது. பின்சக்கரத்தின் குங்குமம் ஒரு சிவப்பு வளையமாகச் சுழன்றது. முன்சக்கரத்தின் குங்குமம் அப்படியே நின்றது. லேசாகத் தலையை ஆட்டியது, அவ்வளவுதான். கார் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்வரை அந்தப் பொட்டு கண்ணிமைக்காமல் நின்றது.

நடத்துகிறவர் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி காட்டினார். "அரே வாஹ். தீன் பஹியே பே தௌடா ரஹே ஹைன்." மூன்று சக்கரத்தில் ஓட்டுகிறார்களே என்று என்னைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலைக் காட்டினார். பெரியவர்கள் பக்கத்தில் கைதட்டல்கூட வந்தது. அவர் பிள்ளைகளுக்குப் புரியும்படி விளக்கினார்: எந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லையோ அது சும்மா அலங்காரத்துக்கு.

என் மகள் திரும்பினாள். கோபமில்லை, அழுகையில்லை. கணக்குப் போடும் முகம். கழித்தலில் கடன் வாங்கும்போது அவள் கண் மேலே போகுமே, அந்த முகம். போட்டுப் பார்த்தாள். விடை வந்தது. மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஃபைனலில் ஒரு கையகல இடைவெளியில் ஜெயித்தோம். கப் கொடுத்தார்கள். ஃபோட்டோவுக்குக் காரை ஒரு கையில், கப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள். அந்தப் படத்தைப் பார்க்கும் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியாது. அவள் விரலொன்று முன்சக்கரத்தின் பொட்டை மூடிக்கொண்டிருப்பதை நான் மட்டும் பார்ப்பேன். தற்செயலாக இருக்கலாம்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இரண்டாம் மாடி ஏறும்போது, எனக்கு முன்னால் போனவள் திரும்பாமல் கேட்டாள்.

"என்னோடது கீழ படவே இல்லையா?"

"அது ஒரு டெக்னிக்டி. பெரிய பெரிய போட்டியில எல்லாரும் செய்யறதுதான். ஒரு சக்கரம் படாம இருந்தா ஃப்ரிக்ஷன் கம்மி."

"அது சரி. என்னோடது ஏன்?"

பதில் என்னிடம் இருந்தது. கீறல், பூதக்கண்ணாடி, நீளவாக்கு எல்லாம். "ஏதாவது ஒன்னு மேல இருக்கணும்ல" என்றேன். என் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை.

அவள் நாலு படி ஏறினாள். "சொல்லியிருந்தா நானே அதத்தான் குடுத்திருப்பேன்" என்றாள். "மஜா ஆத்தா. நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்சிருக்கும்."

வேடிக்கையாக இருந்திருக்குமாம். இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஒரு சதிக்கு அவளைக் கூட்டாளியாகச் சேர்த்திருக்கலாம். அவள் அதில் எவ்வளவு குஷியாக இருந்திருப்பாள் என்று அந்தப் படிக்கட்டில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஆணியை மேலே தூக்கிய சக்கரத்தில் போட்டதில்கூடத் தப்பில்லை. ஒரு வாக்கியம் சொல்லாமல் போட்டேன்.

அன்று மத்தியானம் அவள் கீழே விளையாடப் போனதும் காரைத் தலைகீழாக வைத்து ஒவ்வொரு சக்கரமாகச் சுண்டிவிட்டு, அது நிற்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். என்னுடையவை நிற்கும்போது இருபத்து நாலு, இருபத்தாறு, இருபத்து நாலு. அவளுடையது இருபத்தைந்து. மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து. ஆணியைப் பிடுங்கி வேறொரு சக்கரத்தில் கோத்து எண்ணினேன். விரலின் வேகம் ஒரே மாதிரி இருக்காதே என்று சமாதானம் தேடிக்கொண்டு, கை வலிக்கும்வரை எண்ணினேன். எவ்வளவு எண்ணினாலும் அவள் ஆணி என் ஆணிகளுக்கு நடுவில்தான் வந்து நின்றது. அந்த விபூதி என்ன செய்ததோ தெரியவில்லை. அரம் இல்லாமல், டிரில் இல்லாமல், படிக்கட்டில் உட்கார்ந்து. நான் மூன்று வாரம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவளுடையதை ஒரு தடவைகூடச் சுண்டிப் பார்க்கவில்லை.

அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தேன். அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எப்படித்தான் நினைத்தேனோ. செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன்.

"ஏட்டி, உன் ஆணி நல்லாத்தான் சுத்துது. இப்பதான் எண்ணிப் பார்த்தேன். இருபத்தஞ்சு."

"மாலூம் ஹை" என்றாள். தெரியும். "உங்ககிட்ட குடுக்குறதுக்கு முன்னாடியே எண்ணினேன். பென்சிலோட ரப்பர்ல ஆணியக் குத்தி, சக்கரத்தை மாட்டி." பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு, "நீங்க எண்ணலையா?" என்று கேட்டாள்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா, "கேக்கறால்ல, பதில் சொல்லுங்க" என்றாள்.

"இல்லை" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள்.

அடுத்த தசராவுக்கும் பெட்டி வந்தது. அவள் அதை எனக்குக் காட்டினாள், மறைக்கவில்லை. மூடியைத் திறந்து நான்கு ஆணிகளையும் தன் ஜாமெட்ரி பெட்டியில் போட்டுக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனாள். ஒருநாள் ஆபீஸிலிருந்து வரும்போது இருவரும் மாடிப்படியில் இருந்தார்கள். என் மகள் உலர்ந்த தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தொட வேண்டும் என்று என் நாக்கின் நுனிவரை வந்தது. "வேணும்னா நான்..." என்றேன்.

"ஹோ ஜாயேகா, அப்பா" என்றாள். ஆகிவிடும். அவ்வளவு மென்மையாகச் சொன்னாள். கொஞ்சம் கடுமை இருந்திருந்தால் நான் பேச்சை வளர்த்து, ஏதாவது சண்டை போட்டு, எப்படியாவது உள்ளே நுழைந்திருப்பேன். அந்த மென்மைக்குள் விரல் நுழைய இடமில்லை. அவள் காலை நகர்த்தி எனக்கு வழிவிட்டாள். நான் ஏறிப் போனேன்.

அந்த வருஷம் அவள் கார் பாதித் தடத்தில் பக்கத்துச் சுவரில் உரசி உரசி வந்து ஒன்பதாவதாக நின்றது. அவளும் தோழியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பின்வரிசை நாற்காலியில் கைதட்டினேன்.

எட்டு வருஷம் ஆகிறது. எங்களுக்குள் ஒரு பிணக்கும் இல்லை. ரிமோட்டுக்குச் சண்டை போடுவோம், என் ஹிந்தியைக் கிண்டல் செய்வாள், கல்லூரிக் கதைகளையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் கொட்டுவாள். ஆனால் அவள் கையில் ஒரு வேலை இருந்தால் அது என் கைக்கு வராது. சைக்கிள் செயின், அட்மிஷன் ஃபாரம், கீல் உடைந்த லேப்டாப், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில். ஹோ ஜாயேகா. ஆகியும்விடுகிறது. மற்ற அப்பாக்கள் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்துகொள்ளத் தெரியாது என்று லோக்கலில் புலம்பும்போது நான் வாயைத் திறப்பதில்லை. நான் இதையெல்லாம் எழுதும் தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், இரண்டாவது பத்தியிலேயே ஃபோனை எடுத்துவிடுவாள். ஹிந்தியில் மன்னிப்புக் கேட்டால், எதற்கு என்று கேட்பாள். ஒரு ஆணிக்கு என்று நான் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது அவள் கட்டடக்கலை படிக்கிறாள், முதல் வருஷம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஹால் முழுக்க மரத்துண்டுகளையும் அட்டையையும் பரப்பிக்கொண்டு ஒரு நூலகத்தின் மாடல் செய்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து, அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டுகள், ஜன்னல்கள், ஒவ்வொன்றையும் தேய்த்து ஊதி வைத்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"நான் ஒன்னு தேய்ச்சுத் தரட்டுமா?"

அவள் நிமிரவில்லை. பசை காயும்வரை ஒரு ஜன்னலை அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த 'ஹோ ஜாயேகா' வரும் என்று காத்திருந்தேன். ஜன்னலை விட்டாள். குவியலைக் கிளறி, தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு கட்டையை எடுத்து, ஒரு முழுத் தாள் உப்புத்தாளோடு என்னிடம் நீட்டினாள்.

"இது படிக்கட்டுக்கு அடியில முட்டுக் குடுக்கற பீஸ். உள்ள போயிடும், வெளிய தெரியாது. பரவால்லயாப்பா?"

"பரவால்ல" என்றேன்.

அவள் அடுத்த ஜன்னலை எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.